பழைய காமிக்ஸ் அட்டையில் அழுக்கா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு முத்து காமிக்ஸ் வீட்டுக்கு வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது ஈரத்துணி. அட்டையை ஒரு துடை துடைத்துவிட்டு உட்கார்ந்து படிக்கலாம் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் 1970, 80களில் வந்த தமிழ் காமிக்ஸ்களுக்கு ஈரத்தைவிடப் பெரிய எதிரி கிடையாது. உள்தாள் நியூஸ்பிரிண்ட். மரத்தை அரைத்து, அதன் நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமலே செய்யும் மலிவுத் தாள் அது. தண்ணீர் பட்ட இடம் உப்பும். அழுக்கு கரைந்து ஈரத்தின் விளிம்புவரை ஓடி, அங்கே பழுப்புக் கோடாகக் காய்ந்துவிடும். அந்தக் கோட்டை வீட்டில் வைத்து யாராலும் எடுக்க முடியாது.

அதனால் கீழே சொல்லும் எல்லாம் உலர் முறைகள்தான். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து, 1984இல் வந்த லயன், அதே ஆண்டு தொடங்கி 2005 வரை வந்த ராணி காமிக்ஸ், 1990இல் நின்றுபோன இந்திரஜால் என்று உங்களிடம் எது இருந்தாலும் பொருந்தும். வெளிநாட்டுப் பழைய இதழ்களுக்கும் இதே வழிதான்.

ஒவ்வொரு அறிகுறியிலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: அழுக்கு தாளின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, தாளுக்குள் இறங்கிவிட்டதா? மேலே இருப்பதை எடுக்கலாம். உள்ளே போனதை எடுக்கப் போனால் தாளும் சேர்ந்து வரும்.

தொடங்குவதற்கு முன்

கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர விடுங்கள். ஹேண்ட் கிரீம், தேங்காய் எண்ணெய் எதுவும் விரலில் இருக்கக்கூடாது. மேசையில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் இதழை வையுங்கள். என்ன உதிர்கிறது, என்ன நிறத்தில் உதிர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம் மூன்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சுத்தம் செய்யும்போது கண் பழகிவிடும். எவ்வளவு மாறியிருக்கிறது, எங்கே நிறம் குறைகிறது என்பதை ஒப்பிட அந்தப் படம் வேண்டும்.

அடுத்து, டார்ச்சை மேசையோடு படுக்கவைத்துப் பக்கவாட்டிலிருந்து ஒளியடித்துப் பாருங்கள். தாளின் மேல் இருக்கும் அழுக்குக்கு நிழல் விழும். உள்ளே இறங்கிய கறைக்கு நிழல் இருக்காது.

உலர்ந்த காதுக்குச்சியால் பின்னட்டையின் ஓரத்தில், மை அடர்த்தியாக இருக்கும் இடத்தில் லேசாகத் தொட்டு எடுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அந்த அட்டையில் பிரஷைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். தாள் எவ்வளவு நொறுங்கும் என்று பார்க்க மூலையை மடித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். நொறுங்கும் தாளாக இருந்தால் அந்த மூலை உடைந்து கையோடு வந்துவிடும்.

பொருள்கள் அதிகம் தேவையில்லை. ஓவியர்கள் பயன்படுத்தும் அகலமான மென்மயிர் பிரஷ், வெள்ளை வினைல் ரப்பர், புதிய காய்த் துருவி ஒன்று, உலர்சுத்தம் செய்யும் ரப்பர் ஸ்பாஞ்ச். இந்த ஸ்பாஞ்ச் புகைக்கரி படிந்த சுவர்களைத் துடைக்க வந்தது. சூட் ஸ்பாஞ்ச் என்று ஆன்லைனில் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால், எந்த கிரீமும் ஊறாத வெள்ளை மேக்கப் ஸ்பாஞ்ச் ஓரளவு ஈடுகொடுக்கும்.

தொட்டால் விரல் கறுக்கிறது

இதுதான் மிகச் சாதாரணமான அறிகுறி. சரிசெய்ய மிகவும் எளிதானதும் இதுதான். மேலே இருப்பது வெறும் தூசியும் புகையும். நடைபாதைக் கடையில் வருடக்கணக்கில் கிடந்த இதழ்களில் வாகனப் புகை சேர்ந்து லேசான எண்ணெய்ப் பசையோடு இருக்கும்.

முதலில் பிரஷ். முதுகுப் பக்கத்திலிருந்து வெளிவிளிம்பை நோக்கி, ஒரே திசையில் தள்ளுங்கள். விளிம்பிலிருந்து உள்நோக்கி வந்தால் சின்னக் கிழிசல்களில் மயிர் மாட்டி அவற்றைப் பெரிதாக்கும். அட்டை முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, நடுமடிப்பில் சேர்ந்திருக்கும் தூசியைப் பிரஷின் நுனியால் வெளியே கொண்டுவாருங்கள். ஸ்டேப்ளர் பின் இருக்கும் மடிப்பில்தான் மணல், பூச்சி முட்டை, தீக்குச்சி மருந்து, முறுக்குத் துகள் எல்லாம் இருக்கும். அட்டை பளபளத்தால் போதுமென்று இந்த மடிப்பை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தாளை அறுப்பதும் பூச்சியை அழைப்பதும் அந்தத் துகள்கள்தான்.

பிரஷ் முடிந்த பிறகே ஸ்பாஞ்ச். தேய்க்கக்கூடாது. ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், அல்லது மிக லேசாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு முகம் கறுத்ததும் அடுத்த முகத்துக்கு மாறுங்கள். கறுத்த முகத்தாலேயே தொடர்ந்தால் எடுத்த அழுக்கை மறுபடி தாளுக்குள் அழுத்துகிறீர்கள். இந்த ஸ்பாஞ்சை நனைக்கக்கூடாது. அழுக்கான பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டு மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளிச்சமும் காற்றும் பட்டால் ரப்பர் இறுகிவிடும்.

தூசி போன பிறகும் அட்டை மங்கலாக இருக்கிறது

வெள்ளைப் பகுதிகளில் சாம்பல் நிறப் படலம் தெரிகிறது, ஸ்பாஞ்சில் எதுவும் ஏறவில்லை என்றால் ரப்பருக்கு வரலாம். ரப்பர் கட்டியை எடுத்து நேராகத் தேய்க்காதீர்கள். துருவியில் துருவிப் பொடியாக்கி, அந்தப் பொடியை அட்டையின் வெள்ளைப் பகுதியில் தூவி, விரல் நுனிகளால் சின்னச் சின்ன வட்டமாக உருட்டுங்கள். பொடி சாம்பலாக மாறும்போது பிரஷால் தள்ளிவிட்டுப் புதிதாகத் தூவுங்கள். கட்டியின் விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தும். பொடி அழுத்தத்தைப் பரப்பிவிடும். பழைய தாளைக் காப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

அச்சு மை இருக்கும் இடத்துக்கு இது வேண்டாம். முகம், எழுத்து, தலைப்பு வண்ணம் எதிலும் ரப்பர் படாமல் வெள்ளை இடங்களோடு நிறுத்துங்கள். உள்பக்க நியூஸ்பிரிண்டில் ரப்பரே வேண்டாம் என்பது என் கருத்து. நார்கள் எழும்பிவிட்டால் அந்த இடம் அடுத்த தூசியை இன்னும் வேகமாகப் பிடிக்கும். முடிந்ததும் எல்லாப் பொடியையும் கவனமாகத் துடைத்து எடுங்கள். வினைல் துணுக்குகள் மடிப்பில் தங்கினால் காலப்போக்கில் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

ரொட்டித்துண்டால் ஒற்றி எடுக்கும் பழைய முறையைப் பலர் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். அழுக்கு வருவது உண்மை. எண்ணெயும் மாவும் தாளில் தங்குவதும் உண்மை. நம் ஊரில் அது கரப்பானுக்கும் பூஞ்சைக்கும் வைத்த விருந்து. மெலமின் ஸ்பாஞ்சும் வேண்டாம். தொட்டால் மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் அது நுண்ணிய உப்புத்தாள்போல வேலை செய்கிறது. அட்டையின் பளபளப்பையும் மையையும் சேர்த்துச் சுரண்டிவிடும்.

அட்டையின் ஒரு ஓரம் மட்டும் பட்டையாகக் கறுத்திருக்கிறது

அடுக்கில் கோணலாக வைத்திருந்த இதழ்களில் வெளியே நீட்டியிருந்த பகுதி இப்படி ஆகும். தூசியோடு ஒளியும் காற்றும் பட்டுத் தாளே நிறம் மாறியிருக்கும். மேலே உள்ள தூசிப்பகுதி ஸ்பாஞ்சில் வரும். மீதி வராது. இரண்டு முறை ஒற்றியும் மாற்றமில்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பக்கங்கள் பழுப்பாகிவிட்டன

இது அழுக்கே இல்லை. தாளில் உள்ள லிக்னின் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது, கூடவே அமிலம் ஊறித் தாள் மொறுமொறுப்பாகிறது. எந்த ரப்பரும் ஸ்பாஞ்சும் இதை மாற்றாது. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தெளித்து வெளிச்சத்தில் வைத்தால் வெள்ளையாகும் என்று காட்டும் வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள். நிறம் வெளுக்கும், நார் பலவீனமாகும். வெயிலில் வைத்தால் பழுப்பு கூடத்தான் செய்யும்.

அங்கங்கே சின்னச் சின்ன துருநிறப் புள்ளிகள் இருந்தால் அதற்கும் இதே பதில். தாளில் இருந்த இரும்புத்துகளோ பழைய பூஞ்சையோ காரணமாக இருக்கும். ஈரப்பதத்தைக் குறைத்தால் புள்ளிகள் பெருகாமல் இருக்கும். இருப்பவை இருக்கட்டும்.

பென்சில் கிறுக்கல், பேனா எழுத்து, வாடகை நூலக முத்திரை

வெள்ளை ஓரத்தில் பென்சிலில் எழுதிய விலை, பெயர் எல்லாம் வினைல் ரப்பரில் வந்துவிடும். இங்கே மட்டும் ரப்பரின் கூர்மையான முனையை நேராகப் பயன்படுத்தலாம், ஒரே திசையில், அழுத்தாமல். பென்சில் அழுத்தி எழுதியிருந்தால் கோடு போனாலும் பள்ளம் இருக்கும். நாயகனின் முகத்தில் யாரோ ஒரு சிறுவன் வரைந்த மீசையைத் தொடாதீர்கள். அதன் அடியில் அச்சு மை இருக்கிறது, மீசையோடு முகமும் வெளுக்கும்.

பேனா மைக்கும் முத்திரைக்கும் வீட்டில் வைத்தியம் கிடையாது. ஸ்பிரிட், சானிடைசர், நகப்பூச்சு நீக்கி எல்லாமே மையைப் பரப்பித் தாளின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும். வாடகை நூலக முத்திரை உள்ள பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் கொஞ்சம் விலை குறைப்பார்கள். முத்திரையை அழிக்கப்போய் ஓட்டை விழுந்த பிரதியை வாங்கவே தயங்குவார்கள். எனக்கு அந்த முத்திரைகள் பிடிக்கும். ஊர்ப் பெயரும் உறுப்பினர் எண்ணும் போட்ட அந்த வட்டங்களைத் தவிர அந்தச் சின்னச் சின்ன நூலகங்களுக்கு வேறு ஆவணமே பல ஊர்களில் இல்லை.

வெள்ளையாக, பச்சையாக, பஞ்சுபோல ஏதோ படர்ந்திருக்கிறது

பூஞ்சை. இதில் அவசரம் வேண்டும், ஆனால் பிரஷை எடுக்கும் அவசரம் அல்ல. ஆஸ்துமா, ஒவ்வாமை இருப்பவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்களும் என்95 மாஸ்க், கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

அந்த இதழை உடனே ஒரு பையில் போட்டு மற்ற புத்தகங்களிடமிருந்து பிரியுங்கள். பிறகு ஒரு சின்ன இடத்தில் பிரஷ் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இழுவினால் பூஞ்சை உயிரோடு வளர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் துடைத்தால் தாளுக்குள் அழுத்திவிடுவீர்கள். காற்றோட்டமுள்ள, வெயில் நேராக விழாத, ஈரப்பதம் குறைந்த அறையில் பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி முழுக்க உலரவிடுங்கள். ஏசி அறை இருந்தால் நல்லது. மின்விசிறி இதழை நேராகப் பார்த்துச் சுழலக்கூடாது, வித்துகளை வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

பொடியாக உதிரும் நிலைக்கு வந்த பிறகு மொட்டைமாடிக்கோ திறந்த வெளிக்கோ எடுத்துப்போய், காற்று உங்களை விட்டு விலகிப்போகும் பக்கமாக நின்று, மென்பிரஷால் தள்ளுங்கள். அந்தப் பிரஷை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனர் ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் வித்துகளை ஊதிவிடும். நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது இருந்தால் மட்டும், குழாயின் வாயில் வலைத்துணி கட்டி, குறைந்த வேகத்தில் பயன்படுத்தலாம். பூஞ்சை போனாலும் அது விட்ட ஊதா, மஞ்சள் கறைகள் தங்கும். அவற்றை விடுங்கள். டெட்டால், வினிகர், பினாயில் எதையும் தாளில் தெளிக்க வேண்டாம்.

ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை மறுபடி வரும். சென்னையும் கடலோர ஊர்களும் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்கின்றன. ஆகவே இதழைச் சுத்தம் செய்வது பாதி வேலை, அலமாரியைப் பார்ப்பது மீதி.

ஓட்டைகள், அரிப்புத் தடம், கறுப்புப் புள்ளிகள்

மேற்பரப்பு மட்டும் ஒழுங்கற்றுச் சுரண்டியதுபோல் இருந்தால் இராமபாணம் என்கிற வெள்ளிப்பூச்சி. மிகச் சின்ன வெளிறிய பூச்சி பக்கங்களுக்கிடையே ஓடினால் புத்தகப்பேன். அது தாளைவிடப் பூஞ்சையையே அதிகம் தின்னும், எனவே அது இருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மண் ஒட்டிய சுரங்கம் தெரிந்தால் கரையான். அப்போது இதழைப் பார்ப்பதற்கு முன் அலமாரியின் பின்சுவரைப் பாருங்கள்.

இதழை ஸிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, இன்னொரு பையிலும் போட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் போகும் ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒரு முழுநாள் விடுங்கள். குளிர்ச்சி போகும் முன் திறந்தால் தாளின்மேல் நீர்த்துளி கட்டும். இந்த முறை பூச்சியையும் முட்டையையும் கொல்லும். பூஞ்சையைக் கொல்லாது, தூங்கவைக்கும். ஆர்ட் பேப்பர் என்ற பளபளப்பான தாளில் வரும் இப்போதைய வண்ண இதழ்களையும் இப்படி வைக்கலாம், உலர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

கரப்பான் எச்சப் புள்ளிகள் நன்றாகக் காய்ந்திருந்தால் மொண்ணையான கத்திமுனையால் மேலே இருப்பதை மட்டும் தட்டி எடுக்கலாம். அடியில் உள்ள கறை நிற்கும். தடுப்புக்கு வசம்பு நல்ல துணை. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்போடு கருஞ்சீரகம், லவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு, கற்பூரம் சேர்த்த பொடியைத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு அருகில் வைக்கிறார்கள். முடிச்சு அலமாரியின் மூலையில் இருக்கட்டும், பக்கங்களுக்குள் வேண்டாம். அந்துருண்டையைப் புத்தகம் இருக்கும் பைக்குள் போடாதீர்கள். அந்த ஆவி நமக்கும் ஆகாது, பிளாஸ்டிக் உறையையும் இளக்கும்.

செலோடேப், விலை ஸ்டிக்கர்

பழைய செலோடேப்பின் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கியிருக்கும். மேல்படலம் தானாகத் தூக்கிக்கொண்டிருந்தால் மட்டும் இடுக்கியால் எடுங்கள். ஒட்டியிருக்கும் இடத்தை இழுத்தால் அச்சு எழுத்து டேப்போடு வரும். எடுத்தபின் பிசுபிசுப்பு இருந்தால் அந்த இடத்தில் பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை வைத்துவிடுங்கள், அடுத்த பக்கம் ஒட்டாது. பளபளப்பான அட்டையில் உள்ள ஸ்டிக்கரை ஹேர் டிரையரின் குறைந்த சூட்டில் இளக்கி, அட்டையோடு படுத்த கோணத்தில் மெல்ல உரிக்கலாம். நியூஸ்பிரிண்டில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு இது உதவாது. லைட்டர் திரவம், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் சிலர் சொல்வார்கள். தீப்பிடிக்கும், மையும் நகரும். வேண்டாம்.

பின் துருப்பிடித்துப் பக்கம் கறையாகிறது

நம் ஈரக்காற்றில் தப்பிய பின் அபூர்வம். துருத்தூள் உதிர்ந்தால் பின்னுக்கும் தாளுக்கும் இடையே சின்னத் தாள்துண்டைச் செருகிப் பிரஷால் தட்டிவிடுங்கள். பின் இன்னும் உறுதியாக இருந்தால் அப்படியே விடுவது நல்லது. தாளை அறுக்கத் தொடங்கிவிட்டால், நடுப்பக்கத்தில் மடிந்திருக்கும் அதன் கால்களை மொண்ணையான தட்டைக் கருவியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக நேராக வெளியே எடுங்கள். பின் பிடுங்கும் கருவியை வைத்து இழுக்கக்கூடாது. பிறகு அதே துளைகளில் பருத்தி நூலால் கோக்கலாம். எலுமிச்சை, உப்பு, துரு நீக்கும் திரவம் எதுவும் தாள் பக்கம் வரக்கூடாது.

அமெரிக்க இதழ்களைத் தரம்பார்க்க அனுப்புகிறவர்களுக்கு ஒரு தகவல். 2000இல் தொடங்கிய சிஜிசி நிறுவனம் உலர்சுத்தத்தைச் சீரமைப்பாகக் கருதுவதில்லை. நீர், ரசாயனம் கொண்டு கழுவினாலோ பின்னை மாற்றினாலோ அது வேறு வகையாகக் குறிக்கப்படும், விலையும் மாறும். தமிழ் காமிக்ஸ் விற்கும்போது அப்படி லேபிள் எதுவும் இல்லை. என்ன செய்தீர்கள் என்பதை வாங்குகிறவரிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும்.

எண்ணெய் விரல்தடம்

புதிய தடமென்றால் டிஷ்யூ தாளால் ஒற்றிவிட்டு, வாசனை சேர்க்காத டால்க் பொடியைத் தூவி ஒரு நாள் வைத்துப் பிரஷால் தள்ளுங்கள். கொஞ்சம் குறையும். பழைய தடம் போகாது.

நனைந்துவிட்டது, பக்கங்கள் ஒட்டிக்கொண்டன

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ சேகரிப்புகள் இப்படித்தான் போயின. நனைந்த தாளில் 2 நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும் என்பதால் நேரம் முக்கியம். சேறு இருந்தால் ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள். காய்ந்த பிறகு பிரஷில் உதிரும். நியூஸ்பிரிண்ட் இதழ்களை டிஷ்யூ செருகிச் செருகி மாற்றி உலர்த்துங்கள். ஆர்ட் பேப்பர் இதழ்கள் வேறு. காயும்போதே அதன் மேல்பூச்சு பக்கத்தோடு பக்கம் பிணைந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். ஒரே நாளில் முடியாத அளவுக்கு நிறைய இருந்தால் பையிலிட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுச் சில இதழ்களாக எடுத்து உலர்த்துங்கள்.

காய்ந்து சுருங்கியதை இஸ்திரிப் பெட்டியால் தேய்க்காதீர்கள். இரண்டு ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களின் அடியில் ஓரிரு வாரம் விட்டால் முக்கால்வாசி நிமிரும்.

வாடை போகவில்லை

மூடிய பெரிய டப்பாவின் அடியில் கிண்ணத்தில் சமையல் சோடாவோ கரித்துண்டோ வைத்து, மேலே தட்டுப்போட்டு இதழை விரித்து நிறுத்துங்கள். பொடி இதழில் படக்கூடாது. சில வாரம் ஆகும். ஊதுபத்தி, சென்ட் எதுவும் வேண்டாம்.

சுத்தம் செய்த இதழ் மறுபடி அழுக்காகிறது

உறையைப் பாருங்கள். கெட்டியான, வாடையடிக்கிற பிவிசி உறை என்றால் உடனே கழற்றுங்கள், அது அட்டையின் மையை ஒட்டிப் பிடுங்கும். பாலிப்ரொப்பிலீன் உறை போதும், அரிய பிரதிகளுக்கு பாலியெஸ்டர். பின்னால் அமிலமில்லாத அட்டை. லேமினேட் செய்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், திரும்பி வர வழியில்லை. உறையில் போடும் வேலையை மழைநாளில் செய்ய வேண்டாம், அந்த ஈரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுவீர்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல்லும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியும் வையுங்கள். அதன் முள் 40க்கும் 55க்கும் இடையே நின்றால் நல்லது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் நாலு விரல் தள்ளிப்போடுங்கள். பரணில் வேண்டாம், கோடையில் அங்கே தாள் வெந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து எல்லா இதழையும் ஒருமுறை நடுமடிப்புவரை புரட்டிப் பாருங்கள்.